எலி கடித்த ஸ்பீக்கர்

காலை ஐந்து ஐம்பது. கிட்டார் ஆம்ப்புக்கு முன்னால், சிமெண்டுத் தரையில், கறுப்புக் காகிதத் துணுக்குகள் கிடந்தன. ஒவ்வொன்றும் நெல் உமி அளவு. சிலவற்றில் பழுப்பு நிறப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. என் மச்சான் அவற்றுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே வந்தபோதும் அவன் நிமிரவில்லை.

"எலி, மாமா. பின்னாடி பாரு."

பின்பக்கம் போய் மொபைல் வெளிச்சத்தை அடித்தேன். முழங்கால் உயர மரப்பெட்டி அது. மேல் பாதியில் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி, கீழ்ப் பாதியில் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர். பின்பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. பெட்டியின் மூலையில் அதே காகிதத்தைப் பஞ்சாக்கி எலி ஒரு கூடு கட்டியிருந்தது. கூட்டில் எலி இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பாகூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு. பகலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான். கச்சேரி உள்ள நாட்களில் ஓர் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். ஐம்பது வயதைத் தாண்டியவன். அன்று ஆடி வெள்ளி. பனித்திட்டில் அம்மன் கோயில் செடல், உடம்பில் அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்தும் திருவிழா. சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே அவர்கள் கச்சேரி.

"ராத்திரி கறக்குமுறக்குன்னு சத்தம் கேட்டுச்சுண்ணே," என்றாள் அவன் மனைவி, வாசலில் நின்றபடி. "பக்கத்து வூட்டு ஆடு எதையோ மேயுதுன்னு நெனச்சேன்."

"ஆடு வூட்டுக்குள்ள வந்து மேயுமாடி?"

"நீ எழுந்து பாத்திருக்கலாம் இல்ல? எனக்கு மட்டும்தான் காதா?"

அவன் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டிருந்தான். ஒட்ட வைக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. பிறகு கையை உதறிவிட்டு எழுந்தான்.

அந்தக் குழுவில் இரண்டு மாதம் முன்பு ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். பகலில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கீபோர்டு வாசிப்பார். அந்தக் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் நாதஸ்வரம், மூன்றாவதை அழுத்தினால் கிட்டார். போன கச்சேரியில் மச்சானின் ஆம்ப் பாதியில் கரகரத்தது. நிகழ்ச்சி முடிந்ததும் குழுத் தலைவர் அவனைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தடவை அது மக்கர் செய்தால் கிட்டார் பகுதியைக் கீபோர்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். அதை என்னிடம் சொன்னபோது மச்சான் அந்தக் கையைப் பற்றித்தான் அதிகம் பேசினான்.

ஆம்ப் இல்லாமல் கிட்டாரை நேராக மேடையின் ஒலி மிக்சரில் மாட்டலாம். ஒருமுறை மாட்டியும் பார்த்தார்கள். சத்தம் தகரத்தில் ஆணி இழுத்தது போல வந்தது. அதற்குக் கீபோர்டே மேல் என்று அன்றும் தலைவர்தான் சொன்னார். ஆக, அந்த மரப்பெட்டி ஓடினால் மேடையில் அவனுக்கு இடம் உண்டு. ஓடாவிட்டால் இல்லை.

பெட்டி பிரான்சில் செய்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா கப்பலில் கொண்டுவந்தது. பட்டாளத்து விருந்துகளில் வாசித்தவர். விரல்கள் மடங்காமல் போனபோது என் மச்சானுக்குக் கொடுத்தார். உள்ளே இருப்பவை டிரான்சிஸ்டர்கள் அல்ல, வால்வுகள். பழைய ரேடியோப் பெட்டிகளில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்தான். சூடேறினால் ஆரஞ்சு நிறத்தில் எரியும்.

மச்சான் காலை வேனுக்குப் போக வேண்டும். போகும் முன் மைக்செட்காரருக்குப் போன் போட்டான். பனித்திட்டுக் கச்சேரிக்கும் அவருடைய மைக்செட்தான்.

"பன்னெண்டு இஞ்சு இருக்குதாண்ணே?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்.

"எதா இருந்தாலும் சரி. காயிதம் முழுசா இருந்தா போதும்."

மைக்செட்காரர் பதினொரு மணிக்கு வந்தார். கையில் சாக்கில் சுற்றிய ஸ்பீக்கர். மேடைப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றியது. தோளில் டிரில்லிங் மிஷின். அவருடைய ஆட்கள் பனித்திட்டில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய போன் அடித்தபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்து, "வரேன், வரேன், அந்த ஜெனரேட்டர்ல கை வைக்காத, நான் வந்துடுறேன்," என்று சொல்லி வைத்தார். மச்சான் அதற்குள் திரும்பியிருந்தான். மறுபடி இரண்டே முக்காலுக்குப் பிள்ளைகளை வீட்டில் விட வேன் எடுக்க வேண்டும்.

பழைய ஸ்பீக்கரை நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தன. நான்கும் துருப்பிடித்திருந்தன. மூன்று கழன்றன. நான்காவதன் தலை தேய்ந்து ஸ்குரூடிரைவருக்குப் பிடி கொடுக்கவில்லை. மைக்செட்காரர் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தார். மச்சான் காத்திருக்கவில்லை. ஆக்சா பிளேடை வெறும் கையில் பிடித்து அறுத்தான். பலகையில் கீறல் விழுந்தது. அவன் மனைவி, "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன், "நீ சொல்ற ஒவ்வொரு மெதுவாவுக்கும் ஒரு நிமிஷம் போவுது," என்றான். அவள் அங்கிருந்து நகரவில்லை.

ஸ்பீக்கருக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்த இரண்டு ஒயர்களையும் மைக்செட்காரர் கத்தரித்தார். பழைய ஸ்பீக்கர் வெளியே வந்தது. அதன் முதுகில் ஒரு காகித லேபிள், பாதி அரிக்கப்பட்டு. என்னிடம் நீட்டி, "சார், நீங்க படிச்சவரு, இது இன்னான்னு பாருங்க," என்றார்.

மின்தடை பதினைந்து ஓம்ஸ் என்று இருந்தது. புது ஸ்பீக்கரின் முதுகில் எட்டு.

"பதினஞ்சுக்கு எட்டு போடலாமா?" என்றேன்.

"நம்ம ஊர்ல எல்லாமே எட்டுதான் சார். பதினஞ்சுக்கு நான் எங்க போறது, பாரீசுக்கா?"

"கெட்டுப் போவாதே?"

"கொஞ்சம் சூடாவும். கச்சேரி முழுக்க ஓடும். அதுக்கு நான் பொறுப்பு."

அடுத்த சிக்கல் உடனே தெரிந்தது. பழைய ஸ்பீக்கரின் காந்தம் ஒரு டீ கிளாஸ் அளவு. புதியதன் காந்தம் ஒரு தோசைக்கல்லில் பாதி. பின்பக்கமாக வைத்துப் பார்த்தால் காந்தத்தின் விளிம்பு மேலே தொங்கும் வால்வுகளில் ஒன்றை இடித்தது. கண்ணாடியும் இரும்பும் தொட்டன. மைக்செட்காரர் ஸ்பீக்கரைச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். மச்சான் கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டு, "இடிக்குதுண்ணே, இடிக்குது," என்றான்.

"முன்னாலேர்ந்து மாட்டிக்கலாம்," என்றார் அவர். "பலகை கனம் மிச்சமாவும். ஒரு வெரல் போற எடம் கெடைக்கும்."

அதற்கு முன்பக்கத்துத் துணியைப் பிரிக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் தங்க ஜரிகை ஓடும் துணி. மச்சான் ஒரு கணம் நின்றான். பிறகு அவனே ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். சிறிய ஆணிகள் தரையில் தெறித்தன. புதுத் துளைகள் போட்டார்கள். மரத்தூள் வால்வுகள் மேல் விழாமலிருக்க நான் ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

துளை போட்ட பிறகுதான் ஆபத்தான வேலை. ஸ்குரூ முடுக்கும்போது ஸ்குரூடிரைவர் வழுக்கினால் நேராகக் காகிதத்தில் குத்தும். போதாததற்குக் காந்தம் அதை இழுக்கும். மைக்செட்காரர் கூம்பின் மேல் வைக்க ஒரு தட்டு கேட்டார். மச்சானின் மனைவி கொண்டுவந்த முதல் தட்டு இரும்பு. காந்தம் அதை அவள் கையிலிருந்து பிடுங்கியது. ஸ்பீக்கரின் விளிம்பில் 'டங்' என்று ஒட்டிக்கொண்டது. காகிதத்தில் படவில்லை.

"எவர்சில்வர் கொண்டாம்மா, எவர்சில்வர். சோறு துன்ற தட்டு."

எவர்சில்வர் தட்டு ஒட்டவில்லை. அதைக் கூம்பின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மச்சான் உட்கார்ந்தான். மைக்செட்காரர் முடுக்கினார். இரண்டு முறை ஸ்குரூடிரைவர் வழுக்கித் தட்டில் கீறியது.

அந்த நேரத்தில் வாசலில் பைக் நின்றது. கீபோர்டு வாசிப்பவர். முதுகில் நீளமான கறுப்புப் பை. பனித்திட்டுக்குப் போகும் வழியில் குழுத் தலைவர் பார்த்துவிட்டு வரச் சொன்னாராம்.

உள்ளே வந்து, துணி உரித்த பெட்டியையும் தட்டுடன் உட்கார்ந்திருந்த மச்சானையும் பார்த்தார்.

"இன்னாண்ணே இது, அடுப்பா? தோச ஊத்திட்டு இருக்கீங்க?"

மைக்செட்காரர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

"உனக்கும் ரெண்டு ஊத்தட்டுமா? உக்காரு."

"வேணாம்ணே. எண்ணெ காயறதுக்குள்ள கச்சேரி முடிஞ்சிரும்."

"உன் பொட்டில எண்ணெகூட வேணாம். பொத்தான அமுக்குனா தோசையே வரும்."

"சட்டினியும் வரும்ணே." அவர் பையை முதுகில் சரிசெய்துகொண்டார். பிறகு குரலை இறக்கி, "தலைவரு கேட்டாரு. நாலாவது பாட்டு தொடக்கத்துல கிட்டாரு பீஸ் வருது இல்ல, அத நான் எடுக்கட்டுமா, நீங்க எடுக்குறீங்களான்னு," என்றார்.

"நான் எடுக்குறேன்னு சொல்லு."

"நிச்சயமா சொல்லட்டுமா?"

"நீ எதுக்கு நிச்சயம் பண்ற? பொண்ணா பாக்க வந்திருக்க? சொல்லு, அவ்ளோதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பைக் சத்தம் தெருமுனையில் திரும்பும் வரை மச்சான் தட்டைப் பிடித்தபடியே இருந்தான்.

இரண்டே முக்காலுக்கு அவன் வேனுக்குக் கிளம்பினான். ஸ்பீக்கர் பலகையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு ஒயர்களை மட்டும் பற்றவைக்க வேண்டும். "அண்ணே, நீ முடிச்சி வை, நான் வந்து வாசிச்சிப் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு எதுவும் சொல்லவில்லை.

இங்கே மைக்செட் வேலையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் புனல் ஸ்பீக்கர்களைத்தான் மரத்திலும் கம்பத்திலும் கட்டுவார்கள். அவற்றின் பின்னால் யூனிட் என்று ஒரு பாகம் இருக்கும். ஆம்ப்ளிஃபயரைப் போடும் நொடியில் வரும் உதறல் சத்தத்துக்கு அந்த யூனிட் செத்துப்போகும். அதனால் மைக்செட்காரர்கள் முதலில் ஆம்ப்ளிஃபயரைப் போடுவார்கள், அது நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருப்பார்கள், ஸ்பீக்கர் ஒயரைக் கடைசியாகக் கோப்பார்கள். இவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்திருக்கிறார், இவரிடம் வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். டிரான்சிஸ்டர் பெட்டிகளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருந்தது. "அதுக்குள்ள பெட்டிக்கு உயிரு கீதான்னு பாத்துடலாம் சார்," என்றார். சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வால்வுகள் ஆரஞ்சு நிறம் கொண்டன. தொங்கிக்கொண்டிருந்த இரண்டு ஒயர் முனைகளிலும் தன் மீட்டரின் கிளிப்புகளை மாட்டினார். கிட்டார் ஒயரின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, வால்யூம் குமிழை முழுக்கத் திருப்பி, மறுமுனையின் ஊசியைப் பெருவிரலால் தொட்டார். மைக்செட்காரர்கள் எல்லோரும் சோதிக்கும் விதம் அது. விரல் பட்டால் ஆம்ப்ளிஃபயர் உறுமும். ஸ்பீக்கர் இல்லாததால் மீட்டரின் முள் அசைந்தால் போதும்.

முள் வெறுமனே அசையவில்லை, மறுகோடிக்குப் போய் முட்டி நின்றது.

"அடேங்கப்பா," என்றார் மைக்செட்காரர். "இன்னா பவரு பாருங்க."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் இல்லாத பெட்டிக்குள்ளிருந்து வந்தது. மேலே இரும்புக் கட்டியாக உட்கார்ந்திருந்த டிரான்ஸ்ஃபார்மரே உறுமியது. மெல்லிய, எட்டத்தில் லாரி மேடு ஏறுவது போன்ற உறுமல். அவருக்கும் கேட்டது. விரலை எடுக்காமல் குனிந்தார். வால்வு ஒன்றின் அடியில் நீல நிறத்தில் ஒரு பொறி. 'டிக்' என்றது. மறுபடி 'டிக்'. வார்னிஷ் கருகும் வாசனை வந்தது.

அவர் விரலை எடுத்தார். சுவிட்சை அணைத்தார். மச்சானின் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே நாத்தம்?" என்றாள்.

"சால்டர் நாத்தம்மா," என்றார்.

சால்டரிங் அயர்ன் இன்னும் ஈயத்தைத் தொடவே இல்லை.

ஒயர்களை அவர் பற்றவைத்தார். ஒரு இணைப்பை இரண்டு முறை செய்தார். பிறகு சுவிட்சைத் தொடாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய போன் அடித்தது. எடுக்கவில்லை.

"போட்டுப் பாக்கலியா?" என்றேன்.

"அவரு வரட்டும் சார். அவரு பொட்டி."

மச்சான் வந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே முகர்ந்தான்.

"இன்னா வாசன?"

மைக்செட்காரர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சுவிட்சைப் போட்டது, விரலை வைத்தது, முள் போனது, நீலப் பொறி, எல்லாம். மச்சான் நின்றபடியே கேட்டான்.

"ஸ்பீக்கரு இல்லாமயா போட்ட?"

"எப்பவும் அப்பிடித்தாம்பா போடுவோம்."

"உன் பொட்டிக்குப் போடு. வால்வுப் பொட்டிக்கு ஸ்பீக்கரு ஒயரு கழண்டு கெடந்தா சுவிட்சு பக்கமே கை போவக்கூடாது. சொல்தா மொத நாளே எனக்குச் சொன்னது. கரண்டு போவ எடம் இல்லாம உள்ளயே சுத்தி டிரான்ஸ்ஃபார்மர எரிச்சிரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

மச்சான் கிட்டாரை எடுத்து ஒயரை மாட்டினான். வால்யூமைச் சைபருக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வுகள் எரியத் தொடங்கின. நாங்கள் நால்வரும் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கரிலிருந்து 'ஸ்ஸ்' என்று வந்தது. மச்சான் குமிழை மெல்லத் திருப்பி ஒரு தந்தியைத் தட்டினான்.

சத்தம் வந்தது. கனமாக, கொஞ்சம் கூர்மையாக. பழைய ஸ்பீக்கரின் சத்தம் இல்லை. ஆனால் கிட்டார் சத்தம். அவன் மனைவி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மைக்செட்காரர் முகத்தைத் துடைத்தார்.

மச்சான் வாசித்துக்கொண்டே தலையைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோனான். அந்த வாசனை இன்னும் இருந்தது.

"தாங்குமா?" என்றேன்.

"போய்ப் பாத்தாதான் தெரியும் மாமா."

அவன் மனைவி குங்குமச் சிமிழுடன் வந்தாள். ஸ்பீக்கரின் நடுவே விரலைக் கொண்டுபோனாள்.

"பேப்பர்ல வெக்காத!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அவள் பெட்டியின் ஓரத்து மரத்தில் வைத்தாள். "கத்துனதுல அம்மனே ஓடிப்போயிருப்பா," என்றாள்.

பனித்திட்டில் மேடையைக் கோயிலுக்கு எதிரே மணலில் போட்டிருந்தார்கள். செடல் பிற்பகலிலேயே முடிந்திருந்தது. மஞ்சள் துணி கட்டிச் செடல் குத்திக்கொண்டவர்கள் குடும்பத்துடன் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் படகுகள் வரிசையாக. கடல் காற்றுக்கு மேடையின் பின்திரை படபடத்தது. மச்சானின் ஆம்ப்பை அவனுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அதன் முன்னால் ஒரு மைக் நிறுத்தினார்கள். துணி இல்லாததால் ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பு பார்வையாளர்களுக்கு நேராகத் தெரிந்தது. குழுத் தலைவர் அதை ஒருமுறை பார்த்தார், மச்சானை ஒருமுறை பார்த்தார்.

நான் மிக்சருக்குப் பக்கத்தில் மைக்செட்காரருடன் உட்கார்ந்தேன். மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சிறிய பச்சை விளக்கு. சத்தம் உள்ளே வரும்போது துடிக்கும். கிட்டார் மைக் எது என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு அம்மன் பாட்டு. பச்சை விளக்கு துடித்தது. இரண்டாவது பாட்டிலும் துடித்தது. ஆம்ப்பின் பின்பக்கம் ஆரஞ்சு வெளிச்சம் திரையில் விழுந்தது. மூன்றாவது பாட்டில் கிட்டாருக்கு அதிக வேலை இல்லை. பாட்டின் நடுவில் 'பட்' என்று ஒரு சத்தம் வந்தது. மைக்செட்காரர் சட்டென்று நிமிர்ந்தார். பார்வையாளர்கள் அதை மேளத்தின் சத்தம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அதன் பிறகு அந்தப் பச்சை விளக்கு துடிக்கவில்லை.

மச்சான் பாடகரைப் பார்த்தபடியே பின்னால் கை நீட்டிக் குமிழைத் திருப்பினான். முழுக்கத் திருப்பினான். ஒயரை அழுத்திப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எட்டு ஓம்ஸ் காரணமா, பிற்பகலில் நடந்தது காரணமா என்று என்னால் உறுதியாக எழுத முடியாது. இரண்டுமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். தலைவர் மைக்கில் அடுத்த பாட்டை அறிவித்தார். தொடக்கத்தில் கிட்டார் பீஸ் வரும் பாட்டு அது. அறிவித்துவிட்டு மச்சானைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

மச்சான் கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்தான். அவர் ஆம்ப்பைப் பார்த்தார், பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்தார். கீபோர்டு வாசிப்பவரின் வலது கை நகர்ந்து ஒரு பொத்தானை அழுத்தியது.

மச்சானின் விரல்கள் தந்தியில் இறங்கின. கிட்டார் சத்தம் வந்தது.

கீபோர்டு வாசிப்பவர் கட்டைகளைப் பார்க்கவே இல்லை. அவர் கண் மச்சானின் இடது கையிலேயே இருந்தது. அந்தக் கை தந்தியை வளைக்கும்போது இவர் கீபோர்டின் ஓரத்துச் சக்கரத்தை உருட்டினார், சத்தமும் வளைந்தது. மச்சான் ஓர் இடத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு சிறு இழுவை சேர்த்தான். அவருடைய சக்கரம் கொஞ்சம் தாமதமாக உருண்டது. அடுத்த சுற்றில் தாமதம் இல்லை.

மைக்செட்காரரின் விரல் கிட்டார் மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை மேல் இருந்தது. அதை இறக்கலாம், வராத சத்தத்துக்கு எதற்கு மைக். அவர் இறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சார், நீங்க ஒண்ணும் பாக்கல," என்றார்.

கடைசிப் பாட்டு வரை அப்படியே போனது. இடையில் ஒரு பாட்டில் கீபோர்டுக்குப் புல்லாங்குழல் பகுதியும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க முடியாது. அங்கே கீபோர்டு வாசிப்பவர் புல்லாங்குழலை விட்டுவிட்டார். தலைவர் புருவத்தைச் சுருக்கி அவரைப் பார்த்தார். அவர் கையை உதறி, விரல் பிடித்துக்கொண்டது போல் காட்டினார்.

முடிந்ததும் நான் மேடைக்குப் பின்னால் போனேன். மச்சான் பெட்டியின் பின்பக்கத்தைச் சாக்கால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் சட்டை முதுகில் முழுக்க நனைந்திருந்தது. தலைவர் வந்தார்.

"அண்ணே, அந்த நாலாவது பாட்டுல ஒரு இழுப்பு இழுத்தீங்க பாருங்க. பழைய கையிண்ணே. ஸ்பீக்கரு மாத்துனது வேலை செய்யுது." பக்கத்தில் பையை மூடிக்கொண்டிருந்த கீபோர்டு வாசிப்பவரிடம் திரும்பினார். "நீ இன்னாப்பா, புல்லாங்குழல்ல தூங்கிட்ட?"

"வெரலு சுளுக்குண்ணே."

"ஷிப்டுல தூங்கு, மேடையில தூங்காத." மறுபடி மச்சானிடம், "அடுத்த வெள்ளி சோரியாங்குப்பம். வந்துடுங்க," என்றார்.

"வரேன்," என்றான் மச்சான்.

தலைவர் போன பிறகு இருவரும் சாக்கின் இரண்டு முனைகளையும் பிடித்து முடிச்சுப் போட்டார்கள். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அந்த இழுப்ப முன்னாடியே சொல்லிட்டுப் பண்ணுண்ணே," என்றார் கீபோர்டு வாசிப்பவர். "பாதி உசுரு போயிடுச்சு எனக்கு."

அடுத்த வெள்ளி சோரியாங்குப்பத்துக்கு இருவரும் ஒரே பைக்கில் போனார்கள்.